சைடிங் மாற்றும் செலவு: வினைலா, ஹார்டியா, எல்பியா?

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் 1980, 90களில் கட்டிய வீட்டில் குடியிருப்பவர்களுக்குக் கூரை, ஏசி, ஹீட்டருக்கு அடுத்து வந்து நிற்கும் பெரிய செலவு சைடிங். செங்கல் வைத்துச் சிமென்ட் பூசிய சுவர்களுக்குள் வளர்ந்த நம்மவர்களில் பலர் சைடிங்கையே சுவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சுவர் அதற்கு உள்ளே இருக்கிறது: மரச் சட்டம், அதன் மேல் ஓஎஸ்பி (மரச் சீவல்களை ஒட்டி அழுத்திய பலகை) அல்லது பிளைவுட், அதற்கும் மேல் டைவெக் போன்ற தண்ணீர்த் தடுப்புத் தாள். இவற்றின் மேல் மாட்டும் உறைதான் சைடிங். மழையின் பெரும்பகுதியை அது தடுத்துவிடும்; மிச்சம் பின்னால் புகத்தான் செய்யும். புகுந்ததை வெளியே வடிப்பது அந்தத் தாளும், இணைப்புகளில் தண்ணீரைத் திருப்பிவிடும் ஃப்ளாஷிங் தகடுகளும். எந்தக் கம்பெனிப் பலகை என்று மாதக்கணக்கில் அலசிவிட்டு, இந்த இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்தான் அதிகக் காசு வீணாகிறது.

விலையைப் பார்த்தாலே இது புரியும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெளிவரும் 'காஸ்ட் வெர்சஸ் வேல்யூ' செலவுக் கணக்கில், 2024இல் 1,250 சதுர அடி சைடிங்கைக் கழற்றிப் புதிதாக மாட்ட நாட்டுச் சராசரி வினைலுக்கு (பிவிசி பிளாஸ்டிக் பலகை) 17,410 டாலர், ஃபைபர் சிமென்டுக்கு (சிமென்டும் மரநாரும் சேர்த்த பலகை) 20,619 டாலர். வீட்டை விற்கும்போது திரும்பக் கிடைப்பதாக அவர்கள் சொல்வது முறையே 80.2%, 88.4%. இந்தத் தொழிலில் எல்லாம் 'ஸ்கொயர்' கணக்கு. ஒரு ஸ்கொயர் என்றால் 100 சதுர அடி. அப்படி வகுத்தால் வினைல் ஸ்கொயருக்குச் சுமார் 1,393 டாலர், ஃபைபர் சிமென்ட் 1,650. வித்தியாசம் 18% மட்டுமே. கடையில் வெறும் பலகை விலையை ஒப்பிட்டால் இடைவெளி இதைவிடப் பெரிதாக இருக்கும். பழையதைக் கழற்றுவது, குப்பை டம்ப்ஸ்டர், தாள், ஃப்ளாஷிங், ஜன்னல் ஓரம், மூலைகள், சாரம் கட்டும் கூலி எல்லாம் இரண்டுக்கும் பொது என்பதால் மொத்தத்தில் அது சுருங்கிவிடுகிறது. ஆகவே ஒருவர் வினைலுக்கு 700, இன்னொருவர் 1,400 என்று சொன்னால், அந்த இருவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எதை விட்டுவிட்டு 700 சொன்னார் என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

எத்தனை ஸ்கொயர்?

விற்பனையாளர் வருவதற்கு முன் நீங்களே ஒரு கணக்குப் போட்டு வையுங்கள். 40 அடிக்கு 28 அடி, இரண்டு மாடி வீடு என்று கொள்வோம். சுற்றளவு 136 அடி. சுவர் உயரம் 18 அடி. பெருக்கினால் 2,448 சதுர அடி. இரண்டு பக்கமும் முக்கோணமாக ஏறும் கேபிள் சுவர் ஒவ்வொன்றும் 28 அடி அகலம், 7 அடி உயரம் இருந்தால் 98 வீதம் 196. மொத்தம் 2,644 சதுர அடி, ஏறக்குறைய 26 1/2 ஸ்கொயர். ஜன்னல், கதவு, இரட்டை கராஜ் கதவு எல்லாம் சேர்ந்து 400 சதுர அடிக்கு மேல் போகும். அதைக் கழித்தால் 22 ஸ்கொயர் சொச்சம். வெட்டுச் சேதாரம் 10% சேர்த்தால் சரக்கு வாங்க வேண்டியது 25 ஸ்கொயர் அளவு.

சில கான்ட்ராக்டர்கள் ஜன்னலைக் கழிக்காமல் முழு அளவுக்கே விலை போடுவார்கள். அதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. ஜன்னலைச் சுற்றி வெட்டி ஒட்டும் வேலைக்குத் தட்டையான சுவரைவிட நேரம் அதிகம் ஆகும். ஆனால் கழிக்காத அளவின் மேல் 15% சேதாரமும் சேர்த்து 30 ஸ்கொயர் என்று எழுதினால் கேள்வி கேளுங்கள். மூன்று பேரிடம் விலை வாங்கினால் மூவரின் ஸ்கொயர் எண்ணிக்கையையும் முதலில் ஒப்பிடுங்கள். டாலரைப் பிறகு பார்க்கலாம்.

மேலே சொன்ன வீட்டுக்கு முழு அளவில், நாட்டுச் சராசரி விலையில், வினைல் 37,000 டாலரை ஒட்டியும் ஃபைபர் சிமென்ட் 44,000 டாலரை ஒட்டியும் வரும். பெரிய வேலைக்கு ஸ்கொயர் விலை கொஞ்சம் இறங்கும்; நியூ யார்க்கை ஒட்டிய ஊர்களில் கூலி ஏறும்.

வினைல்

வினைலை மட்டமாகப் பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. ஒழுங்காக மாட்டிய வினைல் 30 வருடம் தாக்குப்பிடிக்கும், பெயின்ட் வேண்டாம், பின்னால் தானாகவே காற்று ஓடும். கெட்ட பெயர் வந்ததற்குப் பாதிக் காரணம் மெல்லிய சரக்கு, மீதிப் பாதி ஆணி.

முதலில் தடிமன். கட்டுநர்கள் போட்டுத் தள்ளும் ரகம் 0.040 அங்குலம். செர்ட்டன்டீட் கம்பெனியில் மெயின்ஸ்ட்ரீட் வரிசை 0.042, மோனோகிராம் 0.046. ஸ்கொயருக்குச் சில பத்து டாலர் கூடக் கொடுத்து 0.044க்கு மேல் போவது முழு வேலையில் மிகச் சிறிய தொகை, ஆனால் நீண்ட சுவரில் அலை அலையாகத் தெரியாமல் நிற்பது அதனால்தான். எஸ்டிமேட்டில் 'பிரீமியம் வினைல்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. கம்பெனி, வரிசைப் பெயர், தடிமன், நிறம் நான்கும் எழுத்தில் வேண்டும்.

அடுத்து ஆணி. 12 அடி வினைல் பலகை குளிருக்கும் வெயிலுக்கும் இடையில் அரை அங்குலத்துக்கு மேல் நீண்டு சுருங்கும். அதனால் அதை அறைவதில்லை, தொங்கவிடுகிறார்கள். ஆணி, நீள்துளையின் நடுவில் இறங்க வேண்டும். தலைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு டைம் (10 சென்ட்) நாணயம் நுழையும் இடைவெளி, அதாவது 1/32 அங்குலம் இருக்க வேண்டும். 16 அங்குலத்துக்கு ஒன்று. மூலைக் கம்பத்திலும் ஜே-சானலிலும் (பலகை முனை செருகும் ஓரப் பட்டை) 1/4 அங்குலம் விட வேண்டும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வேலை செய்தால் 3/8. இறுக்கி அறைந்தால் முதல் கோடையிலேயே பலகை நடுவில் புடைக்கும், மதிய வெயிலில் டப் டப் என்று சத்தம் வரும். சோதிப்பது எளிது: மாட்டிய பலகையை இரு உள்ளங்கையாலும் பிடித்து இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். நகர வேண்டும். நகரவில்லை என்றால் அந்த வரிசையை 'ஜிப் டூல்' போட்டுக் கழற்றித் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். ஆட்கள் இன்னும் சாரத்தில் இருக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

வினைலுக்கு வெப்பம் எதிரி. சுவரை ஒட்டி பார்பிக்யூ கிரில் வைத்தால் உருகி நெளியும். பலருக்குத் தெரியாதது பக்கத்து வீட்டு ஜன்னல்: லோ-ஈ கண்ணாடி (வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ளது) வெயிலைக் குவித்து உங்கள் சுவரில் அடித்தால், வெளிச்சம் நகரும் பாதையிலேயே சாய்வாக ஒரு கோடாகப் பலகை நெளிந்து போகும். வாரன்டி பொதுவாக இதற்குப் பொருந்தாது. அந்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் முழு வலை போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். போட வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர் என்பதுதான் சிக்கல். அடர் நிற வினைல் வாங்குபவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று நம் சமையலறைக்கே உரியது. தாளிப்புப் புகையை வெளியே தள்ளும் ரேஞ்ச் ஹூட் குழாய் சுவரில் முடியும் இடத்தில், மூடிக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கு இறங்கிப் பழுப்புக் கோடாகப் படியும். வெளிர் நிற வினைலில் இது முதல் வருடமே தெரியும். சைடிங் மாற்றும்போதே அந்த மூடியைச் சொட்டு விளிம்பு உள்ள உலோக மூடியாக மாற்றச் சொல்லுங்கள், குழாய்க்கும் சுவருக்கும் இடையில் சரியான மவுண்டிங் பிளாக் வைக்கச் சொல்லுங்கள். பிறகு தனியாகச் செய்ய வந்தால் ஒரு ஆள் வரும் கூலியே பல நூறு டாலர் ஆகும்.

வினைலின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். தண்ணீர் வடியும் வழி அது. 'ஓட்டையாக இருக்கிறதே' என்று காக் (இடைவெளி அடைக்கும் பசை) அடித்து அடைத்துவிடாதீர்கள்.

ஃபைபர் சிமென்ட்

இந்த ரகத்தில் ஜேம்ஸ் ஹார்டியின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. சிமென்ட், மணல், மரநார் சேர்த்துச் செய்தது. எரியாது, மரங்கொத்தி கொத்தாது, கறையான் தின்னாது. காட்டுத்தீ அபாயம் உள்ள கலிஃபோர்னியாப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு இதுவே போதுமான காரணம். வடகிழக்கில் பெரும்பாலும் தோற்றத்துக்காக வாங்குகிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை. நிழல் விழும் அழுத்தமான விளிம்பு வினைலுக்கு வராது.

ஹார்டிபிளாங்க் 12 அடி நீளம், 5/16 அங்குலத் தடிமன். அதிகம் விற்கும் 8 1/4 அங்குலப் பலகை, மேலே 1 1/4 அங்குலம் மறைந்து 7 அங்குலம் வெளியே தெரியும்படி அமரும். ஒரு பலகை மூடுவது 7 சதுர அடி; ஸ்கொயருக்கு 14.3 பலகை. நம் கணக்கு வீட்டுக்குச் சேதாரம் சேர்த்து 350 பலகை போல. ஒவ்வொன்றும் 19 பவுண்டு, அதாவது ஸ்கொயருக்கு 270 பவுண்டு. கூலி ஏறுவதற்கு இந்த எடைதான் காரணம். நிறுத்திய வாக்கில் இரண்டு பேர் தூக்க வேண்டும். படுக்கை வசத்தில் தூக்கினால் நடுவில் உடையும்.

குளிர் பிரதேசத்துக்கு எச்இசட்-5, வெப்பமும் ஈரமும் மிகுந்த தெற்குக்கு எச்இசட்-10 என்று இரண்டு தயாரிப்பு. நியூ ஜெர்சி, பென்சில்வேனியாவுக்கு எச்இசட்-5. லாரியில் வந்திறங்கும்போது பலகையின் அச்சைப் பாருங்கள்.

கலர்பிளஸ் என்று ஆலையிலேயே பெயின்ட் சுட்டு வருவதற்கு நிறத்துக்கு 15 வருடம், பலகைக்கு 30 வருடம் வாரன்டி. வெறும் பிரைமர் அடித்த பலகை மலிவு, ஆனால் 180 நாளுக்குள் பெயின்ட் அடித்தாக வேண்டும். அந்த பெயின்ட் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு மறைந்துவிடும். எஸ்டிமேட்டில் 'ஹார்டி' என்று மட்டும் இருந்தால் இவற்றில் எது என்று கேளுங்கள். பிரைமர் பலகை விலையைச் சொல்லிவிட்டு பெயின்டைத் தனி பில்லாகத் தலையில் கட்டுவது நடக்கிறது.

இனி, எங்கே கெடுகிறது. ஃபைபர் சிமென்ட் மக்காது, ஆனால் வெட்டிய முனை தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய இடம் குளிரில் உறைந்து உருகி, ஏடு ஏடாகப் பிரியும். கராஜ் கூரை மேல்மாடிச் சுவரில் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள்: பலகையின் அடி விளிம்பு ஷிங்கிள் (கூரை ஓடு) மேல் உட்கார்ந்திருந்தால், ஐந்தாறு வருடத்தில் அந்த விளிம்பு உப்பி, பெயின்ட் உரிந்து நிற்கும். கூரைக்கும் பலகைக்கும் 2 அங்குலம், தரைக்கும் பலகைக்கும் 6 அங்குலம், ஜன்னல் மேல் தகட்டுக்கும் பலகைக்கும் 1/4 அங்குலம் விட்டாக வேண்டும். அந்த 1/4 அங்குலத்தைக் காக் அடித்து மூடக் கூடாது. வீட்டுக்காரர்கள் 'ஃபினிஷிங் சரியில்லை, இடைவெளி தெரிகிறது' என்று சொல்லி, ஒழுங்காக வேலை செய்த ஆட்களையே காக் அடிக்க வைப்பதும் உண்டு.

இரண்டு பலகை சேரும் முட்டு இணைப்பு ஸ்டட்டின் (சுவர்ச் சட்டத்தின் செங்குத்து மரம்) மேல் விழ வேண்டும். பின்னால் 6 அங்குல அகலத்தில் ஒரு ஃப்ளாஷிங் துண்டு செருக வேண்டும். கலர்பிளஸ் பலகையில் முட்டு இணைப்புக்குக் காக் கிடையாது. பழைய பழக்கத்தில் காக் அடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அது நிறம் மாறி, சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் செங்குத்துக் கோடாகத் தெரியும். அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்பு ஒன்றன் மேல் ஒன்றாக வராமல் குறைந்தது இரண்டு ஸ்டட் தள்ளி வர வேண்டும். ஆணி, மேல் விளிம்பிலிருந்து 3/4 முதல் 1 அங்குலத்துக்குள், மட்டத்தோடு நிற்க வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கியின் அழுத்தத்தைக் கூட்டி வைத்து ஆணியைப் பலகைக்குள்ளே புதைத்தால் பிடிப்பு போய்விடும். பலத்த காற்றில் கழன்று வருவது அப்படிப்பட்ட பலகைதான்.

சரக்கு வந்து இறங்கிய அன்றே மூடி வைக்கிறார்களா என்று கவனியுங்கள். மழையில் நனைந்த பலகையை மாட்டினால் காயும்போது சுருங்கி இணைப்பு திறந்துகொள்ளும்.

வெட்டும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. கட்டுமான வேலைகளில் இதற்கான ஓஷா (மத்திய தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு) விதி 2017 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. கத்தரி போன்ற ஷியர் அல்லது தூசி உறிஞ்சும் ரம்பம் வைத்திருக்கும் ஆட்கள் பொதுவாக மற்ற வேலையிலும் கவனமானவர்கள். வெறும் ரம்பத்தால் உங்கள் வாசலில் வெள்ளைப் புகை கிளப்புகிறவரைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

எல்பி ஸ்மார்ட்சைட்

மரச் சீவல்களும் பிசினும் சேர்த்து அழுத்தி, கறையானும் பூஞ்சையும் அண்டாதபடி ஜிங்க் போரேட் கலந்து செய்த பலகை. 16 அடி நீளம் என்பதால் இணைப்பு குறைவு, எடை குறைவு, சாதாரண ரம்பத்தால் அறுக்கலாம். அதனால் கூலி ஹார்டியைவிடக் கொஞ்சம் இறங்கும். ஆலங்கட்டி மழைக்கு ஹார்டியைவிட நன்றாகத் தாங்கும். 5 வருடம் கூலியோடு முழு வாரன்டி, அதன் பிறகு ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போய் 50 வருடம்.

1990களில் இதே லூயிசியானா-பசிஃபிக்கின் 'இன்னர்-சீல்' பலகைகள் ஈரத்தில் ஊதி, பெரிய கூட்டு வழக்காகிச் சமரசத்தில் முடிந்தது. இப்போதைய சரக்கு வேறு தயாரிப்பு. அந்த வரலாற்றை வைத்து இதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் மரம் மரம்தான். வெட்டிய ஒவ்வொரு முனைக்கும் பெயின்ட் அல்லது சீலன்ட் பூச வேண்டும், இணைப்பில் 3/16 அங்குலம் விட வேண்டும். சாரத்தின் மேல் பெயின்ட் டப்பாவும் பிரஷும் இல்லாமல் எல்பி மாட்டினால் முனையைப் பூசவில்லை என்றே பொருள். பூச்செடியும் புதரும் சுவரை ஒட்டி வைத்து, ஸ்பிரிங்க்ளர் சுவரில் அடிக்கும் வீட்டுக்கு எங்கள் தேர்வு இதுவாக இருக்காது.

சிடார் மரம் அழகு. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை ஸ்டெயின் அடிக்க மனமும் பணமும் உள்ளவர்களுக்கு மட்டும்.

எஸ்டிமேட்டைப் படிப்பது

பழைய சைடிங்கைக் கழற்றுவது விலையில் உண்டா என்று முதலில் பாருங்கள். அதன் மேலேயே மெல்லிய ஃபோம் வைத்துப் புது வினைல் அடித்துத் தருகிறேன் என்பவரின் விலை நிச்சயம் கவர்ச்சியாக இருக்கும். உள்ளே ஓஎஸ்பி மக்கியிருக்கிறதா, ஜன்னல் ஓரம் ஒழுகுகிறதா என்று பார்க்கும் ஒரே வாய்ப்பை அதோடு மூடிவிடுகிறீர்கள். விதிவிலக்கு ஒன்று: மிகப் பழைய வீட்டில் உடையும் தன்மையுள்ள சாம்பல் நிறச் சிமென்ட் ஓடுகள் இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கைவைக்கும் முன் லேபில் சோதனை செய்யுங்கள். அங்கே மேலே மூடுவதே சில நேரம் சரி. 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈய பெயின்டுக்கான இபிஏ (மத்திய சுற்றுச்சூழல் அமைப்பு) விதி வரும்: வெளிப்புறம் 20 சதுர அடிக்கு மேல் பெயின்டைக் கலைத்தால் சான்றிதழ் பெற்ற நிறுவனம்தான் செய்ய வேண்டும். அதற்கான செலவு விலையில் இருக்க வேண்டும்.

மக்கிய பலகைக்கு ஷீட் ஒன்றுக்கு என்ன விலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 4க்கு 8 அடி ஓஎஸ்பி ஷீட் கடையில் சில பத்து டாலர்; கூலியோடு 100 முதல் 150 டாலர் போடுவது வழக்கம். எழுதாமல் விட்டால் சுவர் திறந்து கிடக்கும்போது சொல்லப்படும் விலைக்கு நீங்கள் தலையாட்டித்தான் ஆக வேண்டும். மாற்றும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் போட்டோ வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். முதல் இரண்டு ஷீட் இலவசம் என்று ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

தாள்: 9 அடி அகலம், 150 அடி நீள டைவெக் ரோல் ஒன்று 1,350 சதுர அடி. நம் வீட்டின் 2,644க்கு இரண்டு ரோல் கணக்கில் சரியாக வருவதுபோல் தெரியும். ஒன்றன் மேல் ஒன்று 6 அங்குலம் ஏற்றி ஒட்டினால் போதாது. மூன்றாவது ரோல் இல்லாமல் வேலை முடிந்தால் எங்கோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

விலையில் அடிக்கடி விடுபடுபவை: ஜன்னல் சட்டங்களுக்கு அலுமினியக் கேப்பிங் அல்லது பிவிசி டிரிம், சாஃபிட்டும் ஃபேஷியாவும் (கூரை விளிம்பின் அடிப்பலகையும் முகப்புப் பலகையும்), மழைக்குழாயைக் கழற்றித் திரும்ப மாட்டுவது, விளக்கு, தண்ணீர்க் குழாய், டிரையர் வென்ட் ஆகியவற்றுக்கான பிளாக்குகள், மின் மீட்டரைச் சுற்றிய வேலை, ஏசி குழாயின் உறை. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னது. எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம் டாலர். 'சைடிங் வேலை முழுவதும்' என்ற ஒற்றை வரி இவற்றில் எதையும் கட்டுப்படுத்தாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கிக்-அவுட் ஃப்ளாஷிங். கூரையின் சரிவு ஒரு சுவரை உரசிக்கொண்டு இறங்கி, சுவரின் நடுவிலேயே முடியும் இடம் ஏறக்குறைய எல்லா கொலோனியல் வீட்டிலும் உண்டு. அங்கே வழிந்து வரும் தண்ணீரை வெளிப்பக்கம் திருப்பி மழைக்குழாய்க்குள் விட, உள்ளங்கை அகலத்தில் மடித்த ஒரு தகடு வேண்டும். பத்து இருபது டாலர் சரக்கு. அது இல்லாத வீட்டில், அந்த முனைக்கு நேர் கீழே சைடிங்கைக் கழற்றினால் ஓஎஸ்பி கறுத்து, விரலால் குத்தினால் உள்ளே போகும். அதற்குக் கீழே ஜன்னல் இருந்தால் அதன் மூலையும் சேர்ந்து போயிருக்கும். பல ஆயிரம் டாலர் மர வேலை இந்த ஒரு தகடு இல்லாததால் வருகிறது. உங்கள் வீட்டில் எத்தனை இடத்தில் வேண்டும் என்று எண்ணி, எண்ணிக்கையோடு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இப்போதைய வினைல் நன்றாக இருந்து இந்த இடம் மட்டும் ஒழுகுகிறது என்றால் முழு வீட்டையும் மாற்ற வேண்டியதில்லை: பலகைகளைக் கழற்றி, தகட்டைச் செருகி, அதே பலகைகளைத் திரும்ப மாட்டலாம். இந்த வழியைத் தாமாகச் சொல்லும் விற்பனையாளரைக் காண்பது அரிது.

டெக் இருந்தால் அதன் லெட்ஜர் பலகை வீட்டோடு சேரும் இடத்திலும் மேலே ஃப்ளாஷிங் இருக்கிறதா என்று திறந்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

கையெழுத்து, பணம்

'இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் 30% தள்ளுபடி' என்பவர் அந்த 30%ஐ முதலிலேயே ஏற்றிச் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து விற்ற ஒப்பந்தத்தை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்ய எஃப்டிசி (மத்திய வர்த்தக ஆணையம்) விதி இடம் தருகிறது. நியூ ஜெர்சியில் 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். 13விஎச் என்று தொடங்கும் பதிவு எண் அதில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் முன்பணம் 10% அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. மற்ற இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். சரக்கு வந்தபின் ஒரு பகுதி, தாளும் ஃப்ளாஷிங்கும் முடிந்து நீங்கள் பார்த்தபின் ஒரு பகுதி, கடைசிப் 10% வேலை முழுவதும் முடிந்தபின் என்று பிரித்துக்கொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ் சான்றிதழில் லயபிலிட்டியோடு ஒர்க்கர்ஸ் காம்பும் (வேலையாட்களின் காயத்துக்கான காப்பீடு) இருக்க வேண்டும். கடைசித் தவணையோடு லீன் வெய்வரும் (பாக்கிக்காக வீட்டின் மேல் உரிமை கோரமாட்டோம் என்ற கடிதம்) வாங்குங்கள். கான்ட்ராக்டர் சரக்குக் கடைக்குப் பணம் கட்டாமல் போனால் கடைக்காரர் உங்கள் வீட்டின் மேல் லீன் போட முடியும். டவுன்ஹவுஸ் என்றால் அசோசியேஷன் நிறத்துக்குச் சம்மதித்த கடிதம் வரும்வரை முன்பணமே கொடுக்காதீர்கள்.

எதற்கு எங்கள் ஓட்டு

ஐந்தாறு வருடத்தில் வீட்டை விற்பதாக இருந்தாலோ கையில் பணம் அளவாக இருந்தாலோ 0.044க்கு மேற்பட்ட வினைல், வெளிர் நிறம். மிச்சப்படும் ஆறேழாயிரம் டாலரில் ஒரு பகுதியை ஜன்னல் ஃப்ளாஷிங்குக்கும் நல்ல டிரிம்முக்கும் போடுங்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கப்போகிறவர்களுக்குக் கலர்பிளஸ் ஹார்டி, அதுவும் ஹார்டியையே தொடர்ந்து மாட்டும் ஆட்கள் கிடைத்தால் மட்டும். வினைல் மட்டுமே மாட்டிப் பழகியவர் மாட்டிய ஹார்டியைவிட, அவரே மாட்டிய வினைல் மேல். ஆலங்கட்டி மழை அதிகமுள்ள டெக்சஸ், கொலராடோ பக்கம் இருப்பவர்கள் எல்பியை முதலில் பார்க்கலாம். பின்னால் ஃபோம் ஒட்டிய இன்சுலேட்டட் வினைலுக்கு மின்கட்டணம் குறையும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதன் ஆர் மதிப்பு (வெப்பத்தைத் தடுக்கும் அளவு) 2, 3 அளவில்தான். சுவர் நெளியாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றால் வாங்குங்கள், கரண்ட் பில்லுக்காக வேண்டாம்.

வேலை முடிந்ததும் மிச்சச் சரக்கை எடுத்துப் போக விடாதீர்கள். வினைல் ஒரு பெட்டியில் பொதுவாக 2 ஸ்கொயர் வரும். ஒரு முழுப் பெட்டி, ஹார்டி என்றால் பத்துப் பலகையும் ஒரு டச்-அப் புட்டியும் உங்களுக்கென்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நிறங்களைக் கம்பெனிகள் நிறுத்திக்கொண்டே இருக்கின்றன. மரக்கிளை விழுந்து நாலு பலகை உடையும் நாளில் அதே நிறம் கடையில் இருக்காது. கராஜில் சாய்த்து வைத்தால் வினைல் வளைந்துவிடும், தட்டையாகப் படுக்க வைத்து, பெட்டியின் மேல் இருக்கும் நிறம், லாட் எண் லேபிளை போட்டோ எடுத்து வையுங்கள்.